டெரெக் வீட்டு மாடிக்கு எதிராக ஒரு மனு

1

முக்கூடல் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அதை எழுதியது நான்தான். என் மகள் விளையாட்டுக்கு எழுதவில்லை, யாரும் என் பெயரைக் கெடுக்க எழுதவில்லை. 'அவ அப்படி எழுதுத ஆளில்ல' என்று எனக்காகக் கல்யாண வீட்டில் வாதாடிய சித்திக்கு நன்றி. ஆனால் சித்தி, நான் அப்படி எழுதுகிற ஆள்தான்.

என் பெயர் பேச்சியம்மாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், முக்கூடலில் டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு, போனை எடுத்து எங்கள் வீட்டுப் பட்டாவைத் தேடிப் பார்ப்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? நானும் அந்த இனம்தானே.

இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவர் கணேசன் பஸ் ஓட்டுகிறார். மகள் தாரிணியை இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தோம், இப்போது பதினாறு. தமிழ் புரியும், திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். இங்கே வந்து பதினான்கு வருடம் நிறைந்த அதே வாரத்தில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. சின்னதாக ஒரு கேக் வாங்கி வெட்டலாம் என்று இருந்தோம். அதற்குள் தெருவில் உள்ளவர்களே ஆளுக்கொரு கேக்கோடு வந்து கதவைத் தட்டினார்கள். எல்லார் முகத்திலும் துக்கம் விசாரிக்க வந்த களை.

2

ஊர் ஏக்கத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். கணேசன் பழைய பாட்டுக் கேட்பார். நான் அரசாங்கத்தின் இணையதளங்களைப் பார்ப்பேன்.

சிரிக்காதீர்கள். பாபநாசம் அணையில் இன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடி என்று பார்க்காமல் நான் காலை டீ குடிப்பதில்லை. நூறு நாள் வேலையில் எங்கள் ஊரில் யார் யார் பெயர் இருக்கிறது, எந்தக் கண்மாயில் வேலை, எல்லாம் எனக்கு அத்துப்படி. வாக்காளர் பட்டியலைத் திறந்தால் தெரு தெருவாக நடந்துபோய் வருவேன். எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள், எந்த வீட்டில் பையன் வேறு ஊருக்குப் பெயரை மாற்றிக்கொண்டு போய்விட்டான், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். எதிர்வீட்டு ராமலட்சுமி அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. எனக்கே நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு நாலு வகுப்பு மேலே படித்தவள். இந்த உண்மை தெரிந்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பட்டாவைப் பார்ப்பேன். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண். நாலையும் தட்டினால் போனுக்கு ஒரு எண் வரும். அந்த எண் வருவதற்காகவே ஒரு இந்திய சிம்மைச் சோறு தண்ணி ஊற்றி வளர்ப்பதுபோல வளர்த்து வருகிறேன். எண்ணைப் போட்டால் எங்கள் வீட்டு மனை திரையில் வந்து நிற்கும். உரிமையாளர் என்ற இடத்தில் அப்பா பெயர். அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இறந்தும் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் பட்டாவில் அப்பாதான் இருந்தார். அதைப் பார்க்கும்போது அவர் இன்னும் அந்த வீட்டில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருக்கிறார் என்று மனசு ஒரு பொய்யை நம்பும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இல்லத்தில் டீ இடைவேளை. வழக்கம்போல் தட்டினேன். அப்பா இல்லை. அந்த இடத்தில் 'சுடலைமுத்து' என்று இருந்தது. என் அண்ணன். தனியாக. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்குமோ என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து வீரவநல்லூர் வரைக்கும் மிதித்துக் கூட்டிப் போனவன். அவனிடம் 'எனக்குப் பாதி குடு' என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து என் பெயரை ஒருவன் துடைத்து எடுத்திருக்கிறான், அதை நான் ஐயாயிரம் மைலுக்கு இப்பால் ஒரு டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்கிறேன். அன்றைக்கு நிறுத்தினேன் அவனோடு பேச்சை.

அவன் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். 'டூட்டி' என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். இப்படியே நாலைந்து மாதம் போனது. பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஏன் என்று அவன் கேட்கவில்லை, இதனால்தான் என்று நானும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் காரணத்தை எதிராளிதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

3

இனி டெரெக்குக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயது, தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லிண்டா. குப்பைத் தொட்டியை எந்த வாரம் எந்த நிறத்தில் வெளியே வைக்க வேண்டும் என்பதை எங்களுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்த புண்ணியவான். இத்தனை வருடத்தில் ஒரு சண்டை கிடையாது.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் தாள் கட்டியிருந்தது. டெரெக் தன் வீட்டின் பின்பக்கம், சமையலறைக்கு மேலே ஒரு மாடி அறை எழுப்பப் போகிறார், லிண்டாவுக்குத் தையல் அறை. ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் நகராட்சிக்குத் தெரிவிக்கலாம். வரைபடம் முதற்கொண்டு எல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் இருக்கிறது என்று சொன்னால் நான் விடுவேனா? சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என்ன ஒரு சொர்க்கம்! தெருவில் யார் ஜன்னலை மாற்றினார்கள், யார் மரத்தை வெட்ட அனுமதி கேட்டார்கள், யார் யாரை எதிர்த்தார்கள், இருபது வருடக் கதை அங்கே கிடந்தது. பதினான்கு வருடமாக என் மூக்குக்குக் கீழே இப்படி ஒரு பண்டம் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆதங்கமாக இருந்தது.

கடைசியில் டெரெக்கின் வரைபடத்தைத் திறந்தேன். அதில் நிழல் எங்கே விழும் என்றும் போட்டுக் காட்டியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம். அது நேராக என் கொல்லையில் வந்து விழுந்திருந்தது.

உங்களுக்கு இது புரியாது. நீங்கள் இருப்பது திருநெல்வேலி. வெயிலைத் திட்டுகிற பாக்கியம் உங்களுக்கு வருடத்தில் பத்து மாதம் இருக்கிறது. இங்கே கோடையில் சேர்ந்தாற்போல நாலு நாள் வெயில் அடித்தால் வானொலியில் சொல்கிறார்கள். அந்த நாலு நாளுக்காக நான் கூழைக் காய்ச்சி, பழைய வேட்டியை விரித்து, வத்தல் பிழிந்து காய வைக்கிறேன். அதுவும் எல்லா நேரமும் கிடையாது. இரண்டு வீட்டுக் கூரைக்கும் நடுவில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் வெயில் என் கொல்லைக்கு இறங்கும். டெரெக் மாடி கட்டினால் அதுவும் போச்சு.

4

பக்கத்தின் அடியில் கருத்துச் சொல்ல ஒரு இடம் இருந்தது. ஆதரவு, ஆட்சேபணை, நடுநிலை என்று மூன்று பெட்டி. ஆட்சேபணையில் ஒரு டிக் போட்டுவிட்டு, 'வெயில் மறைக்கும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எனக்கு மனு எழுதத்தான் தெரியும்.

எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நான். குடிதண்ணீர்க் குழாய், முதியோர் உதவித்தொகை, டவுன் பஸ் நிற்காமல் போவது, எதுவானாலும் 'ஏட்டி பேச்சி, ஒரு மனு எழுதிக் குடு' என்று வந்துவிடுவார்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிற கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் யார் நின்றாலும் கையில் என் எழுத்து இருக்கும். மனுவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் நாம் எவ்வளவு பாவம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எதிராளி எவ்வளவு மோசம். கோரிக்கை என்பது கடைசி இரண்டு வரி. தெருவிளக்குக்கு எழுதிய மனுவில் மாரியத்தையின் கர்ப்பப்பைக் கட்டி வரைக்கும் எழுதினேன். விளக்கு வந்தது.

இன்னொன்று, மனுவில் எழுதுவதை வெளியில் யாரும் படிப்பதில்லை. அது நமக்கும் அந்த அதிகாரிக்கும் உள்ள விஷயம். அதிகாரியும் படிக்காவிட்டால் நமக்கும் அந்தக் கோப்புக் கட்டுக்கும் உள்ள விஷயம். இந்த நம்பிக்கையில் எழுதினேன் நாலு பக்கம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு. நான் தாய் தகப்பனை இழந்தவள். எனக்கென்று இருந்த ஒரே அண்ணனும் பூர்வீக வீட்டைத் தன் ஒருவர் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டு என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டார். என் கணவர் சாது, எதற்கும் உதவ மாட்டார். என் மகள் நான் பேச வாயெடுத்தால் காதில் எதையோ செருகிக்கொள்கிறாள். எதிர்மனுதாரராகிய டெரெக் என்பவர், மனைவி கூப்பிட்டால் காது கேட்காதவர்போல் நடிப்பவர். காரைக் கழுவ அரை ஏக்கர் நெல்லுக்குப் பாய்கிற தண்ணீரை விடுபவர். இந்த நாட்டில் எனக்கு யாருமில்லை. எனக்குச் சொந்தம் என்று இருப்பது பகல் பதினொன்று முதல் மூன்று வரை என் கொல்லையில் விழுகிற வெயில் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிடாமல் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

நடுத்தெரு என்று எழுதியது மூன்று படுக்கையறை உள்ள வீட்டில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு. மனு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் கடைசி வரிகளை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ஒரு மூச்சு அழுதுவிட்டு, பொத்தானை அமுக்கினேன். பொத்தானுக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

5

அந்தப் பொடி எழுத்து இதுதான்: உங்கள் கருத்து, பெயர், முகவரியோடு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்படும்.

எனக்கு அது தெரிந்தது மருந்துக்கடையில். பதினான்கு வருடமாக வரிசையில் 'அடுத்தவர்' என்று கூப்பிடுவதைத் தவிர வேறு வார்த்தை பேசாத அந்தக் கடைக்காரம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் அண்ணன் செய்தது ரொம்பத் தப்பு" என்றாள். மருந்தை வாங்காமலே வெளியே வந்து போனைத் திறந்தேன், நாலு பக்கமும் என் பெயரோடு அங்கே கிடந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போனால் அங்கே தொண்ணூற்றிரண்டு வயது டோரத்தி, கண்ணாடியை மூக்கில் மாட்டி, கையில் பலகைக் கம்ப்யூட்டரோடு எனக்காகக் காத்திருந்தாள். மற்ற நாளில் மருந்து விழுங்க அரை மணி நேரம் அடம் பிடிப்பவள். அன்றைக்கு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, "பட்டா என்றால் என்ன, முதலில் இருந்து சொல்லு" என்றாள். இன்னொருத்தி 'ஆவன செய்யுமாறு' என்பதற்கு நான் போட்டிருந்த பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு அர்த்தம் கேட்டாள். கலெக்டர் ஆபீசில் யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

சாயங்காலம் கேக்குகள் வர ஆரம்பித்தன. தெருக்கோடி வீட்டுக்காரர்கூட, தன் பெயரையே அதுவரை எங்களுக்குச் சொல்லாதவர், ஒரு எலுமிச்சைக் கேக்கைக் கொண்டுவந்து நீட்டினார். கணேசனைப் பார்த்த பார்வை மட்டும் யாருடையதும் சரியாக இல்லை. "நான் எதுக்கும் உதவ மாட்டேன்னு வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கியே" என்றார் அவர். அதற்குப் பிறகு இரண்டு நாள் பாத்திரத்தை அவரே கழுவினார். பஸ் டெப்போவிலும் படித்திருக்கிறார்கள் போல.

டெரெக் மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கொட்டித் தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குக் காது கேட்கும் என்று லிண்டாவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகக் கட்டிக் காப்பாற்றியது" என்றார். எனக்கு மன்னிப்புக் கேட்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்து லிண்டா கூப்பிட்டாள். முதல் கூப்பாட்டிலேயே போய்விட்டார்.

6

இவ்வளவும் நான் தாங்கிக்கொண்டேன். இங்கே யார் என்ன படித்தால் என்ன? அண்ணன் அங்கே இருக்கிறான், அவனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்ற தைரியம்தான்.

"ம்மா, நீ செம்ம பேமஸ்" என்றாள் தாரிணி. "இசக்கி அவங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டிட்டா."

இசக்கி பிரியா என் அண்ணன் மகள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். "அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான் அனுப்பினேன். லிங்க்கு. நாங்க டெய்லி பேசுவோமே."

நானும் அண்ணனும் முகம் பார்க்காத இரண்டு வருடமும் இந்த இரண்டு குட்டிகளும் தினம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் இருவர் மூஞ்சியையும் பற்றித்தான் பேசியிருப்பார்கள். என் மகள் தமிழை விட்டு விலகிப் போகிறாள், சொந்தம் தெரியாமல் வளர்கிறாள் என்று நான் பாட்டுக்கு ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். சொந்தத்தை விட்டு விலகிப் போனது யார் என்று எனக்கு அப்போது உறைத்தது.

"மாமாவுக்கு..." என்று இழுத்தேன்.

"மாமா படிச்சாச்சு. இசக்கி தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சுக் காட்டினா. ஃபுல்லா."

"என்ன சொன்னாராம்?"

"சட்டையை மாட்டிக்கிட்டு வெளில போயிட்டாராம்."

உலகமே படிக்கட்டும், அவன் படித்துவிட்டானே! கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு. அதில் ஒரு கதவு கொஞ்சம் ஒருக்களித்துத்தான் கிடக்கும். ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் கூடப்பிறந்தவனைத் திருடன் என்று எழுதிவைத்தால், அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு அவன் வாசலில் போய் நிற்பது? நாளைக்கு அவன் மகள் கல்யாணத்துக்கு அத்தை என்று என்னைக் கூப்பிடுவானா?

நகராட்சிக்குப் போன் போட்டேன். எம்மா என்று ஒரு சின்னப் பெண்தான் அந்தக் கோப்பைப் பார்க்கிறவள். "தாராளமாகத் திரும்பப் பெறலாம், ஒரு படிவம் அனுப்புகிறேன்" என்றாள். படிவம் வந்தது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் எழுதியது பொய் என்று எழுத வேண்டும். பொய் இல்லையே! பட்டாவில் அவன் பெயர் மட்டும்தானே இருக்கிறது? இந்தப் பாழாய்ப்போன ரோஷத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே பத்து நாள் வைத்திருந்தேன். பத்து நாளும் இல்லத்தில் மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன். டோரத்தி ஒரு நாள் பார்த்துவிட்டு, "அண்ணனா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

7

பதினோராவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எம்மாவே கூப்பிட்டாள். குரலில் ஒரு தயக்கம்.

"உங்கள் தெரு விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து. விண்ணப்ப எண் சரியாகப் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. விதிப்படி வந்ததை ஏற்றிவிட்டேன். ஆனால் ஆதரவா, ஆட்சேபணையா, எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. உறையில் உங்கள் பெயர் இருக்கிறது. கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?"

குற்றவாளியிடமே குற்றப்பத்திரிகையை வாசிக்கச் சொல்கிறாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, எம்மாவை லைனில் வைத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். கோடு போட்ட முழுத்தாள், மூன்று பக்கம், நீல மை. அண்ணன் கையெழுத்து.

'பெறுநர்: உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள். பொருள்: என் தங்கை பேச்சியம்மாள் கொடுத்த மனுவுக்கு எதிர்மனு.

ஐயா, என் தங்கை தனக்கு யாருமில்லை என்று எழுதியிருப்பது உண்மைக்குப் புறம்பானது. நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு ஆதாரமாக ஆதார் அட்டை நகல் இணைத்துள்ளேன்.'

சிரித்துவிட்டேன். எம்மா மறுமுனையில் "நல்ல செய்தியா?" என்றாள். இணைப்பைத் தட்டினேன். அட்டை எண்ணைக் கறுப்பு பூசி மறைத்திருந்தார்கள். முகம் மறைக்கப்படவில்லை, படத்தைச் சமீபத்தில்தான் புதுப்பித்திருந்தான். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முடி நரைக்கவில்லை, சத்தியம். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

'பட்டா விஷயத்தில் என் தங்கை எழுதியிருப்பது முழு உண்மை. கூட்டுப் பட்டாவுக்கு அவள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அனுப்பி வாங்க நாளாகும் என்று, தங்கைக்கு ஆட்சேபணை இல்லை என நானே எழுதி, அவள் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். அவளைக் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்காததுதான் தப்பு. அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் போனை எடுக்காதபோதே தெரிந்துவிட்டது என்று புரிந்தது. பயந்துபோய் நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நான் அவளுக்கு மூத்தவன், நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.'

கள்ளக் கையெழுத்துப் போட்டதை இன்னொரு நாட்டு நகராட்சியின் இணையதளத்தில் ஒப்புக்கொண்ட முதல் ஆள் என் அண்ணனாகத்தான் இருப்பான். எம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அந்த வரி வந்ததும் "இது குடும்ப விஷயம்" என்று சொல்லித் தாண்டிவிட்டேன். எழுதிய அவனுக்குத்தான் புத்தி இல்லை, எனக்குமா இல்லை?

மூன்றாவது பக்கத்தில் கோரிக்கை. முறைப்படி, கடைசியில்.

'ஆகவே ஐயா அவர்கள், மேற்படி டெரெக் என்பவரை மாடி கட்டிக்கொள்ள அனுமதிக்குமாறும், என் தங்கைக்கு வெயில்தான் வேண்டும் என்றால் அவளுக்குப் பாதி பாத்தியதை உள்ள மொட்டை மாடி இங்கே இருக்கிறது, காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வெயில் அடிக்கிறது, அவள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவளுக்குத் தெரியப்படுத்துமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்த ரசீது இணைப்பு இரண்டு.'

இதை எம்மாவுக்குச் சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. ஒரு வரிக்கு ஒரு முறை மூக்கைச் சிந்தினேன். அந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் ஏதோ உறிஞ்சினாள்.

"அப்படியானால் இவர் ஆதரவு" என்றாள் கடைசியில்.

"ஆதரவு என்றே போடுங்கள்."

"உங்களுடைய ஆட்சேபணை? எடுத்துவிடட்டுமா?"

"அது இருக்கட்டும்" என்றேன். "அதை எடுத்துவிட்டால் இவன் எதற்கு எழுதினான் என்று படிக்கிறவர்களுக்குப் புரியாது."

எம்மா போனை வைத்ததும் அண்ணன் எண்ணை அழுத்தினேன். அங்கே சாயங்காலம். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

"யாரு, மனுப் பேச்சியா?"

"அண்ணே" என்றேன். அழுகைதான் வந்தது. பின்னால் ஏதோ கடைவீதிச் சத்தம், ஒரு பஸ் ஹாரன். அவன் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது தெரிந்தது.

"ஏட்டி, அழாத. அதையும் எழுதி வெளிய போட்டுருவானுவ."

"எனக்குப் பட்டாவெல்லாம் வேண்டாம்ண்ணே. நான் அதுக்காவ..."

"எனக்குத் தெரியும்லா. நீ வாய மூடு. பேரு போட்டா போட்டதுதான். அடுத்த மாசம் வந்துரும்னு சொல்லுதாவ. நீதான் எங்கன இருந்தாலும் தட்டிப் பாத்துருவியே, பாத்துக்கோ."

"சாப்பிட்டியா?" என்றேன். இரண்டு வருடத்தில் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான் என்பதுபோல.

"இனிமேத்தான். நீ எப்ப வாரே?"

"லீவு கேக்கணும். தாரிணிக்குப் பரீட்ச வேற." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்சம் கெத்தாகவே கேட்டேன். "மாடில வெயிலு நல்லா அடிக்காண்ணே? நெசமாவே ஏழுல இருந்து ஆறு வரைக்குமா?"

"என் பாதில நல்லாத்தான் அடிக்கு" என்றான் அண்ணன். "ஒன் பாதில தளம் பேந்து, மழத்தண்ணி தேங்கிக் கெடக்கு. சட்டுன்னு வந்து சரி பண்ணுட்டி, கீழ என் கட்டில்ல ஒழுகுது."